கடுங்குளிர் வருமுன் வீட்டிலும் தெருவிலும் என்ன ஆயத்தம் செய்ய வேண்டும்?

அமெரிக்காவில் டாலஸ் அருகே குடியிருக்கிறேன். 2021 பிப்ரவரியில் வந்த பனிப்புயலில் பட்டறிந்ததைச் சொல்கிறேன். 15ஆம் தேதி அதிகாலை டெக்சாஸில் லட்சக்கணக்கான வீடுகளில் மின்சாரம் போனது. மறுநாள் இங்கே மைனஸ் 19 டிகிரி செல்சியஸ். எங்கள் ஹீட்டர் எரிவாயுவில் எரிவதுதான். ஆனால் சூடான காற்றை அறைகளுக்குத் தள்ளும் விசிறிக்கு மின்சாரம் வேண்டும் என்பது அன்றுதான் உறைத்தது.

அப்போது எங்களுடன் இருந்த அம்மா, தோட்டத்தில் கிடந்த பார்பிக்யூ அடுப்பை உள்ளே கொண்டுவந்து கரி மூட்டலாம் என்றார். குமுட்டி அடுப்போடு வளர்ந்தவருக்கு இயல்பாக வரும் யோசனை அது. ஆனால் அவர் வளர்ந்த ஓட்டு வீட்டில் புகை போக வழி இருந்தது. இங்குள்ள வீடோ காற்றுப் புகாமல் அடைத்த பெட்டி. கரியிலிருந்து வரும் கார்பன் மோனாக்சைடுக்கு நிறமும் இல்லை, மணமும் இல்லை. தலைவலி என்று படுத்தவர் எழுந்திருக்காமலே போகலாம். அந்த வாரம் இங்கே கரி அடுப்பாலும், கேரேஜுக்குள் ஓடவிட்ட காராலும் உயிர்கள் போயின. கம்பளி வாங்குவதற்கு முன்பே, பேட்டரியில் இயங்கும் கார்பன் மோனாக்சைடு அலாரம் ஒன்றை வாங்கிவிடுங்கள்.

நாங்கள் எல்லோரும் ஒரே அறையில் மெத்தைகளைப் போட்டு, கதவடியில் துண்டைச் சுருட்டி அடைத்து, தொப்பியும் காலுறையுமாகப் படுத்தோம். உள்ளே தண்ணீர் உறைந்து குழாய் வெடிக்காமல் இருக்க, வெளிச்சுவரை ஒட்டிய குழாய்களைச் சொட்டவிட்டோம். வீட்டுக்கு வரும் தண்ணீரை நிறுத்தும் வால்வு எங்கே என்று கோடையிலேயே பார்த்து வையுங்கள். எதிர் வீட்டில் அது தெரியாமல், வெடித்த குழாயின் தண்ணீர் தேங்கிக் கூடத்துக் கூரை இடிந்து விழுந்தது.

என் மனத்தை இன்றும் அறுப்பது வேறு. மூன்றாம் வீட்டில் தனியாக வசிக்கும் மூதாட்டியின் நினைவு எங்களுக்கு இரண்டாம் நாள் மாலைதான் வந்தது. கதவைத் திறந்தவருக்குப் பேச்சு குழறியது. நடுக்கம் நின்றிருந்தது. குளிரில் கிடப்பவரின் நடுக்கம் நின்றால் தேறிவிட்டார் என்று எண்ணாதீர்கள். உடம்பு தோற்கத் தொடங்கிவிட்டது. உடனே ஆம்புலன்ஸை அழைத்துவிட்டு, நெஞ்சையும் வயிற்றையும் முதலில் சூடாக்க வேண்டும். கைகால்களைத் தேய்க்கக் கூடாது. அவர் பிழைத்துக்கொண்டார். மாநில அரசின் கணக்கில் அந்தப் புயலுக்கு இறந்தவர்கள் 246 பேர். பெரும்பாலோரைக் கொன்றது குளிர்தான்.

இப்போதெல்லாம் நவம்பரிலேயே எங்கள் தெருவில் யார் யாரைப் பார்த்துக்கொள்வது என்று எழுதிவைக்கிறோம்: தனியாக இருக்கும் முதியவர்கள், கைக்குழந்தை உள்ள வீடு, ஆக்சிஜன் இயந்திரத்தை நம்பியிருப்பவர். ஃபோனில் சார்ஜ் தீர்ந்துவிடும் என்பதால் நேரில் போய்க் கதவைத் தட்டுவது என்றே முடிவு. மூதாட்டியின் வீட்டுக்குக் காலையில் நான், மாலையில் என் மனைவி. அவர் வீட்டுச் சாவி ஒன்று எங்களிடம் இருக்கிறது.