மொய் நோட்டை போட்டோ எடுத்தால் கணினியில் ஏறியதாகுமா?

கேள்வி: "பழைய நோட்டுகளை ஸ்கேன் செய்து வைத்தாலே போதாதா? கணினிக்குப் புரியும்படி மாற்றுவது என்று தனியாக ஏன் சொல்கிறார்கள்?"

எங்களுக்குச் செக்கானூரணி பக்கம். இங்கே மொய் நோட்டு வீட்டுப் பத்திரத்துக்குச் சமம். இப்போது மண்டப வாசலிலேயே லேப்டாப் வைத்து ரசீது கொடுத்துவிடுகிறார்கள். அப்பா காலத்து நோட்டு நான்கு மட்டும் பைண்டிங் விட்டுப்போய்க் கிடந்தது.

நானும் முதலில் செல்லில் படம்தான் எடுத்தேன். "கருமாத்தூர் அண்ணன் நமக்கு எவ்வளவு செஞ்சிருக்கு?" என்று அம்மா கேட்டபோது இருநூறு படத்தையும் தள்ளித் தள்ளிப் பார்க்க வேண்டியதாயிற்று. படத்தில் கணினிக்குத் தெரிவது புள்ளியும் நிறமும்தான். அதில் மாமாவும் இல்லை, ஐந்நூறும் இல்லை.

எழுத்தாகத் தட்டினால் கதை வேறு. யூனிகோடு என்பது எல்லாக் கணினிக்கும் பொதுவான எழுத்துப் பட்டியல்; அதில் ஒவ்வொரு குறிக்கும் ஓர் எண் உண்டு. 'மதுரை' நமக்கு மூன்று எழுத்து; கணினிக்கு 2990, 2980, 3009, 2992, 3016 என்று ஐந்து எண். துவும் ரையும் மெனக்கெட்டு இரண்டிரண்டாகப் பிரிந்து நிற்கும். தேடுவது என்றால் இந்த வரிசையைத் தேடுவதுதான். முன்பு பாமினி எழுத்துருவில் தட்டியவர்களுக்கு இதன் அருமை தெரியும். அதில் திரையில் மதுரை என்று தெரிந்தாலும் உள்ளே இருப்பது கே, ஜே, ஐ, யு என்ற ஆங்கில எழுத்துகள். பாமினி இல்லாத கணினியில் திறந்தால் அதுதான் பல்லிளிக்கும்.

சரி, தட்டியாயிற்று. எக்செல்லில் கூட்டிப் பார்த்தால் பூஜ்யம்! தம்பி மகன் நோட்டில் இருந்தபடியே '501/-' என்று அடித்து வைத்திருந்தான். அந்தக் கோடு ஒட்டிக்கொண்டால் எக்செல் அதை எண்ணாக எடுக்காது. வெறும் 501 ஆக்கிய பிறகுதான் கூட்டல் வந்தது.

அப்புறம் பெயர்கள். ஒரு பக்கம் உசிலம்பட்டி, இன்னொரு பக்கம் உசிலை. கணினிக்கு அவை இரண்டு ஊர். மாயாண்டி என்ற பெயரில் மட்டும் ஏழு பேர். அம்மாவைப் பக்கத்தில் உட்கார வைத்து, பால்காரர் யார், டீக்கடைக்காரர் யார் என்று பிரித்தோம். தட்டியது நான்கு நாளில் முடிந்தது. இது ஒரு மாசம் இழுத்தது.

ஒரு வரி மட்டும் எந்தக் கட்டத்திலும் அடங்கவில்லை: 'கிடாய் 1, அரிசி அரை மூட்டை.' அன்றைய விலையைத் தொகையில் போட்டுவிடலாம் என்றான் தம்பி மகன். அம்மா ஒப்பவில்லை. "கிடாய்க்குக் கிடாய்தாண்டா செய்யணும்."

'பொருள்' என்று தனிக் கட்டம் சேர்த்துவிட்டேன்.