விலாசம் தப்பிய கோபம்

கேள்வி: முதல் உலகப்போரில் பிரான்சிலும் இராக்கிலும் செத்த இந்தியச் சிப்பாய்களுக்கு இப்போதும் அஞ்சலி செலுத்துகிறார்களே, வெள்ளைக்காரனுக்காகக் கூலிக்கு மாரடித்தவர்களை நாம் எதற்கு நினைக்க வேண்டும்?
(வாசகர் ஒருவர், கரூர்)

பதில்: கோபம் சரி, விலாசம் தப்பு. அந்தப் போரை முடிவு செய்தது லண்டன். சமஸ்தான ராஜாக்கள் ஆட்களையும் பணத்தையும் கொடுத்தார்கள். காந்தியே 1918இல் குஜராத்தின் கேடா மாவட்டத்தில் ஊர் ஊராக நடந்து பட்டாளத்துக்கு ஆள் கேட்டார். (பெரிதாக யாரும் சேரவில்லை என்பது வேறு விஷயம்.) இவர்களையெல்லாம் விட்டுவிட்டு, மாதம் 11 ரூபாய் வாங்கிய சிப்பாயின் சட்டையைப் பிடிக்கிறீர்கள்.

கப்பர் சிங் நேகி என்று ஒருவர். இன்றைய உத்தராகண்டின் கர்வால் மலையில் சம்பாவுக்குப் பக்கத்துக் கிராமம். வயது இருபதை ஒட்டி. 1915 மார்ச் 10 அன்று பிரான்சின் நவ் ஷப்பலில் ஜெர்மானியரின் பதுங்குகுழிக்குள் இறங்கினார். அந்தக் குழி நேராகப் போகாது, மடங்கி மடங்கிப் போகும். அடுத்த மடக்கில் யார் துப்பாக்கியோடு நிற்கிறார்கள் என்று தெரியாது. ஒவ்வொரு மடக்கிலும் முதல் ஆளாகத் திரும்பியவர் இவர். எதிரிகள் கடைசியில் சரணடைந்தார்கள். இவர் அந்தச் சண்டையிலேயே செத்துப்போனார். பிரிட்டனின் உச்ச வீரப் பதக்கமான விக்டோரியா சிலுவை மட்டும் ஊருக்கு வந்தது. சம்பாவில் ஏப்ரல் 21 அன்று இன்றும் அவர் பெயரில் திருவிழா நடக்கிறது.

கப்பர் சிங்குக்குப் பதக்கம் இருந்தது. மற்றவர்கள்? நவ் ஷப்பல் நினைவகத்தில் 4,700க்கும் மேற்பட்ட இந்தியர் பெயர்களைக் கல்லில் வெட்டினார்கள். அது ஐரோப்பா, நாலு பேர் பார்க்கிற இடம். இராக்கில் 1929இல் திறந்த பாஸ்ரா நினைவகத்துக்குப் போனால் கதை வேறு. மெசபடோமியாவில் (இன்றைய இராக்) செத்த பிரிட்டிஷ் சிப்பாய்க்கு அங்கே பெயர் உண்டு. இந்திய அதிகாரிக்கும் உண்டு. சாதாரண இந்தியச் சிப்பாய்க்கு? படைப்பிரிவின் பெயருக்குக் கீழே 'மற்றும் இத்தனை இந்தியச் சிப்பாய்கள்' என்று ஓர் எண், அவ்வளவுதான். அப்படி எண்ணாகிப் போனவர்கள் 30,000க்கும் மேல். இந்த நினைவகங்களை எழுப்பிய காமன்வெல்த் போர்க் கல்லறை ஆணையம் இதற்கு மன்னிப்புக் கேட்டது 2021இல்!

உங்களை யாரும் மாலை போடச் சொல்லவில்லை. பேரரசு பெரிது என்று கூத்தாடுகிறவர்களைக் கண்டால் எனக்கும் எரிச்சல்தான். ஆனால் 'கூலிக்காரன், பெயர் எதற்கு' என்றுதான் அன்று பாஸ்ராவில் கல் வெட்டியவர்களும் நினைத்திருப்பார்கள். சண்டை போடுவதானால் அவர்களோடு போடுங்கள், நானும் வருகிறேன்.