பழைய எஞ்சினின் வால்வுகள்: கேள்வி பதில்

பழைய மோட்டார் சைக்கிள்களின் வால்வு வேலை பற்றிக் கேட்கச் சொல்லியிருந்தேன். நிறையக் கேள்விகள் வந்தன. ஒரே மாதிரியானவற்றைச் சேர்த்துப் பதில் எழுதுகிறேன்.

சுன்னாகத்திலிருந்து: அண்ணை, என்னிடம் 1954ஆம் ஆண்டு பி.எஸ்.ஏ. பி31 இருக்கிறது. இழுவை போதாது. பெரிய இன்லெட் வால்வும் (காற்றை உள்ளே விடுவது) ரேஸ் கேமும் (வால்வைத் திறக்கும் மேடுள்ள தண்டு) போட நினைக்கிறேன். சரிவருமா?

தம்பி, இப்போது இருக்கிற வால்வு ஒழுங்காக மூடுகிறதா என்று பார்த்தீரா? ஹெட்டை, அதாவது சிலிண்டரின் மேல்மூடியை, கழற்றி, பிளக்கைப் பூட்டி, இன்லெட் வாயை மேலே திருப்பிவைத்து அதற்குள் கொஞ்சம் பெற்றோல் ஊற்றும். ஐந்து நிமிடம் பொறுத்து வால்வின் விளிம்பைப் பாரும். ஈரம் கசிந்தால் உமது இழுவை அந்த வழியாகத்தான் போகிறது. புகை வெளியேறும் எக்சோஸ்ட் பக்கமும் அப்படியே பார்க்க வேண்டும். இழுவை இல்லை என்று என்னிடம் வந்த பி31களில் பெரும்பாலானவற்றுக்கு நான் செய்த வேலை சீட்டை, அதாவது வால்வு அமரும் விளிம்பை, வெட்டி வால்வு அரைத்தது மட்டும்தான்.

பி.எஸ்.ஏ.யின் ரேஸ் வண்டியான கோல்ட் ஸ்டாரும் இதே குடும்பம் என்பதால் பலருக்கு இந்த ஆசை வருகிறது, எனக்கும் வந்தது. ஆனால் பி31 என்பது 71 மி.மீ. விட்டமும் 88 மி.மீ. ஸ்ட்ரோக்கும் உள்ள 348 சி.சி. எஞ்சின். கீழ் வேகத்தில் நிதானமாக இழுப்பதற்கென்றே செய்தது. வால்வு பெரிதானால் கீழ் வேகத்தில் காற்று மெதுவாகத்தான் உள்ளே வரும், பெற்றோலும் சரியாகக் கலக்காது. ரேஸ் கேம் வேலை காட்டுவது மேல் வேகத்தில். காங்கேசன்துறை வீதியில் சந்திக்குச் சந்தி நின்று போகிற எங்களுக்கு அந்த மேல் வேகம் எங்கே கிடைக்கப் போகிறது? அதோடு சீட்டைப் பெரிதாக வெட்டினால் வெட்டிய இரும்பு திரும்பி வராது. நல்ல ஹெட் ஒன்று இனி எங்கே தேடுவது?

பருத்தித்துறையிலிருந்து: ஐயா, லிஃப்ட் கூடின (வால்வைக் கூடுதலாகத் திறக்கும்) கேம் வாங்கிவிட்டேன், போடத்தான் போகிறேன். என்னென்ன பார்க்க வேண்டும்?

வாங்கிவிட்டீர், சரி. அப்படியென்றால் அளக்காமல் ஒரு நட்டையும் இறுக்காதேயும்.

முதலாவது, வால்வும் பிஸ்டனும் முட்டுமா என்பது. பள்ளிப் பிள்ளைகள் உருட்டி விளையாடும் பிளாஸ்டிசினை பிஸ்டன் தலையில் ஒரு விரல் தடிப்புக்கு ஒட்டும். வால்வில் ஒட்டாமலிருக்க மேலே ஒயில் தடவும். ஹெட்டைப் பழைய கேஸ்கெட்டோடு பூட்டி, டப்பெட் (கேம் தூக்கும் துண்டு) இடைவெளி, அதாவது வால்வு மூடியிருக்கும்போது விடும் சிறு இடம், வைத்து, எஞ்சினைக் கையால் இரண்டு முழுச் சுற்றுச் சுற்றும். எங்கேயாவது தடுத்தால் பலவந்தம் செய்யக்கூடாது. பிறகு ஹெட்டைத் தூக்கினால் வால்வு பதிந்த பிறை வடிவப் பள்ளம் தெரியும். பிளேடால் அதைக் குறுக்கே வெட்டி, மெல்லிய இடத்தை அளவும். இன்லெட் பக்கம் 1.5 மி.மீ., எக்சோஸ்ட் பக்கம் 2 மி.மீ. இருந்தால் நிம்மதி. அதற்குக் குறைந்தால் பிஸ்டனில் இடம் வெட்ட வேண்டும்.

இரண்டாவது ஸ்பிரிங். வால்வு முழுதாகத் திறந்து நிற்கும்போதும் ஸ்பிரிங் சுருள்களுக்கிடையே மொத்தமாக 1.5 மி.மீ. மிஞ்ச வேண்டும். சுருள்கள் ஒன்றோடொன்று ஒட்டினால் கேமின் தூக்கலை மேலே கொண்டுபோகும் கம்பியான புஷ் ராட் வளையும், கேமின் மூக்கும் போய்விடும். ஸ்பிரிங் தொப்பியின் அடி கைட்டின், அதாவது வால்வுத் தண்டு ஓடும் குழாயின், தலையில் இடிக்கிறதா என்றும் பாரும், இதைப் பலர் மறந்துவிடுகிறார்கள்.

மூன்றாவது ராக்கர், வால்வை அமுக்கித் திறக்கும் நெம்பு. வால்வு பாதி திறந்த நிலையில் ராக்கர் வால்வுத் தண்டின் நடுவில் அமர வேண்டும். தண்டின் நுனியில் மார்க்கர் மை பூசிச் சுற்றிப் பாரும். மை அழிந்த கோடு ஓரத்தில் விழுந்தால் புஷ் ராட் நீளம் சரியில்லை. அரைத்துச் செய்த கேமுக்கு இது கட்டாயம் வரும். கேமின் மேடில்லாத அடிவட்டம் சிறுத்துப்போவதால் அவ்வளவுக்குப் புஷ் ராட் நீள வேண்டும்.

பூட்டும்போது கேமுக்கும் டப்பெட்டுக்கும் மோலி கிரீஸ் தாராளமாகப் பூசும். ஸ்டார்ட் ஆனதும் ஐடிலில் விடாமல் 20 நிமிடம் நடுத்தர வேகத்தில் ஓடவிடும். புதுக் கேம் கெட்டுப்போவது பெரும்பாலும் அந்த முதல் 20 நிமிடத்தில்தான்.

கோப்பாயிலிருந்து: மாமா, அப்பா பாவித்த பி31ஐத் திருத்தி ஓடுகிறேன். இடப்பெயர்வுக் காலத்தில் மண்ணெண்ணெயில் ஓடியது. புது பிஸ்டன் றிங் போட்டும், அக்சிலேட்டரை விட்டுத் திரும்பத் திருகினால் நீலப் புகை வருகிறது.

பிள்ளை, இந்தக் கேள்வியை வாசித்தபோது எனக்குப் பழைய நாட்கள் எல்லாம் வந்தன. கார்பரேட்டருக்குள் நாலு சொட்டுப் பெற்றோல் விட்டு உதைத்து, எஞ்சின் சூடானதும் மண்ணெண்ணெய்க்கு மாற்றி எத்தனை பேரை ஆஸ்பத்திரிக்கு ஏற்றிக்கொண்டு போயிருப்போம்! அந்த எஞ்சின்கள் எங்களைக் கைவிடவில்லை. ஆனால் எரியாத மண்ணெண்ணெய் சிலிண்டர் சுவரால் வடிந்து ஒயிலில் கலக்கும். நீர்த்துப்போன அந்த ஒயில்தான் ராக்கருக்கும் போனது. அதோடு ஏர் ஃபில்டர் இல்லாமல் கோப்பாய்ச் செம்மண் புழுதியையும் இழுத்தால் இன்லெட் கைட் தேயாமல் என்ன செய்யும்?

அக்சிலேட்டரை மூடும்போது உறிஞ்சல் கூடி, தேய்ந்த கைட் வழியாக ஒயில் உள்ளே இறங்குகிறது. அதனால் திரும்பத் திருகும்போது புகைக்கிறது. இதற்கு றிங் பொறுப்பில்லை. ஸ்பிரிங்கைக் கழற்றி, வால்வைச் சீட்டிலிருந்து ஒரு சென்டிமீட்டர் தூக்கிப் பக்கவாட்டில் ஆட்டிப் பாருங்கள். தெளிவாக ஆடினால் கைட் மாற்ற வேண்டும். புதுக் கைட்டில் இன்லெட்டுக்கு இரண்டு தௌ, எக்சோஸ்டுக்கு மூன்று தௌ இடைவெளி போதும். தௌ என்றால் அங்குலத்தில் ஆயிரத்தில் ஒரு பங்கு. கைட் மாற்றினால் சீட்டையும் வெட்டியே ஆக வேண்டும், நடுமையம் நகர்ந்திருக்கும். அது தேவையில்லை என்று சொல்லும் கராஜில் ஹெட்டைக் கொடுக்காதீர்கள். அப்பாவின் வால்வுகளை எறியாமல் ஒரு டப்பாவில் போட்டு வையுங்கள்.

சாவகச்சேரியிலிருந்து: பி.எஸ்.ஏ. பாண்டமுக்கு டப்பெட் இடைவெளி எவ்வளவு?

பாண்டம் டூ ஸ்ட்ரோக், அதற்கு வால்வும் இல்லை, டப்பெட்டும் இல்லை. தலைப்பக்கம் சத்தம் கேட்டால் சின்ன எண்டையும் (கனெக்டிங் ராடின் மேல்முனை) பிஸ்டனையும் பாரும்.

மானிப்பாயிலிருந்து: ஈயம் இல்லாத பெற்றோல் சீட்டைத் தின்றுவிடும் என்கிறார்களே?

ஓரளவு உண்மை. ஈயம் எரிந்து சீட்டில் படியும் மெல்லிய படலம் காப்பாக இருந்தது. இரும்பு ஹெட்டில் நேரே வெட்டிய எக்சோஸ்ட் சீட்டுக்குத்தான் பயம், அதுவும் நீண்ட நேரம் முழு வேகத்தில் ஓடினால். சீட் தேய்ந்தால் வால்வு மேலே ஏறி டப்பெட் இடைவெளி குறையும். மாதம் ஒருமுறை அளந்து எழுதிவையும். திரும்பத் திரும்பக் குறைந்தால் அப்போது கடினமான சீட் வளையம் போடலாம். பி31க்கு இரண்டு வால்வுக்கும் மூன்று தௌ, எஞ்சின் ஆறியிருக்கும்போது.

நல்லூரிலிருந்து: அண்ணை, புல்லட் 350க்கு நாலு தௌ வைத்தேன். தையல் மெஷின் மாதிரிச் சத்தம்.

பழைய புல்லட்டுக்கு இடைவெளியே கிடையாது, தம்பி. இடைவெளி அளக்கும் பீலர் கேஜை எடுத்து வையும். காலையில், ஸ்டார்ட் பண்ணும் முன், பிஸ்டனைக் கம்பிரஷன் உச்சிக்குக் கொண்டுவந்து, பக்கத்து மூடியைத் திறந்து புஷ் ராடை இரண்டு விரலால் பிடியும். இலேசாக உருள வேண்டும், மேலும் கீழும் ஆடக்கூடாது. உருளாவிட்டால் வால்வு முழுதாக மூடவில்லை என்று அர்த்தம், கொஞ்சம் தளர்த்தும். லாக் நட்டை இறுக்கிய பிறகு இன்னொருமுறை உருட்டிப் பாரும், இறுக்கும்போது அளவு மாறிவிடும்.