மேஸ்திரியைக் கேட்காதீர்கள், பில்லைக் கேளுங்கள்

கேள்வி: என் அம்மாவுக்கு 46 வயது. எங்கள் ஊர் நகராட்சியில் ஆறு வருடமாக ஒப்பந்தத் தூய்மைப் பணியாளராக இருக்கிறார். நாள் கூலி 510 ரூபாய் என்கிறார்கள். ஆனால் 26 நாள் வேலைக்குப் போனாலும் கையில் 9,400 ரூபாய்தான் வருகிறது. கேட்டால் பி.எஃப்., இ.எஸ்.ஐ. பிடித்தம் என்கிறார் மேஸ்திரி. சம்பளச் சீட்டு ஒரு மாதம்கூடத் தந்ததில்லை. நகராட்சியில் போய்க் கேட்டேன், "அது கான்ட்ராக்டர் விஷயம், எங்களிடம் நிதியும் இல்லை" என்று அனுப்பிவிட்டார்கள். சட்டமெல்லாம் மாறிவிட்டது, இனிமேல் கேட்க முடியாது என்றும் சொல்கிறார்கள். புகார் கொடுத்தால் வேலை போய்விடும் என்று அம்மா பயப்படுகிறார். என்ன செய்யலாம்? நிரந்தரமாக வாய்ப்பு உண்டா?

பதில்: தம்பி, முதலில் கணக்கைப் போட்டுவிடுவோம், பாதி பதில் அதிலேயே இருக்கிறது. 510 ரூபாய் வீதம் 26 நாளுக்கு 13,260 ரூபாய். இதில் தொழிலாளியிடம் பிடிக்க வேண்டிய பி.எஃப். 12 சதவீதம், அதாவது 1,591 ரூபாய். இ.எஸ்.ஐ. முக்கால் சதவீதம், 100 ரூபாய். இரண்டும் போக 11,569 ரூபாய் கைக்கு வந்திருக்க வேண்டும். வருவது 9,400. மீதி எங்கே?

முதலாளி தன் பையிலிருந்து கட்ட வேண்டிய பங்கு என்று ஒன்று தனியாக உண்டு. பி.எஃப்.பில் நிர்வாகக் கட்டணம், இன்சூரன்ஸ் எல்லாம் சேர்த்து 13 சதவீதம், இ.எஸ்.ஐ.யில் 3.25 சதவீதம். உங்கள் அம்மா சம்பளத்துக்கு அது 2,155 ரூபாய் ஆகிறது. இப்போது 11,569இலிருந்து 2,155ஐக் கழித்துப் பாருங்கள், 9,414. பதினான்கு ரூபாய் சில்லறையைத் தள்ளிவிட்டால் அம்மா கையில் வாங்கும் 9,400 அப்படியே வந்துவிடுகிறது. ஆக, முதலாளியின் பங்கும் சேர்த்து அம்மாவின் கூலியிலிருந்தே பிடிக்கப்படுகிறது என்பதுதான் என் ஊகம். நான் ஆரம்பத்தில் எட்டு வருடம் ஒப்பந்ததாரர்களுக்குத்தான் பி.எஃப். கணக்கு எழுதிக்கொடுத்தேன், தொழிலாளர் பக்கம் வந்தது அப்புறம்தான், அதனால் இந்த எண்ணைப் பார்த்தவுடனே மூக்கில் வியர்த்துவிட்டது. முதலாளி பங்கைத் தொழிலாளியிடம் பிடிப்பது பழைய சட்டத்திலும் தப்பு, புதிய சட்டத்திலும் தப்பு. அப்படிப் பிடித்ததையாவது கட்டுகிறார்களா என்பது அடுத்த கேள்வி.

அதைத் தெரிந்துகொள்ள யாரிடமும் கெஞ்ச வேண்டியதில்லை. அம்மாவின் யு.ஏ.என். எண்ணோடு (பி.எஃப்.பில் ஒரு தொழிலாளிக்கு ஆயுளுக்கும் ஒன்றே ஒன்றாக இருக்க வேண்டிய எண்) இணைந்த போனிலிருந்து 9966044425க்கு மிஸ்டு கால் கொடுத்தால் இருப்பு மெசேஜாக வரும். மத்திய அரசின் உமங் செயலியில் பாஸ்புக்கை மாதவாரியாகப் பார்க்கலாம். யு.ஏ.என். என்றால் என்ன என்றே அம்மாவுக்குத் தெரியவில்லை என்றால் பக்கத்து பி.எஃப். அலுவலகத்துக்கு ஆதாரோடு போங்கள். இதில் ஒரு சிக்கலைச் சொல்லியே ஆக வேண்டும். டெண்டர் மாறி ஒப்பந்ததாரர் மாறும்போதெல்லாம் பழைய யு.ஏ.என்.னைக் கேட்காமல் புதிதாக ஒன்று உருவாக்கிவிடுவார்கள். ஆறு வருடத்தில் அம்மா பேரில் இரண்டு மூன்று எண் இருந்தாலும் ஆச்சரியமில்லை. நம் ஊர் இனிஷியல் வேறு இருக்கிறது, ஆதாரில் முன்னால், பி.எஃப்.பில் பின்னால், வங்கியில் புருஷன் பேரோடு. அத்தனையையும் ஒரே எண்ணில் சேர்க்க வேண்டும். காரணம், பி.எஃப். ஓய்வூதியத்துக்குப் பத்து வருட சேவை வேண்டும், வயது 58. அம்மாவுக்கு இன்னும் பன்னிரண்டு வருடம் இருக்கிறது என்று அசட்டையாக இருக்காதீர்கள், தொலைந்துபோன ஆறு வருடத்தை 57 வயதில் உட்கார்ந்து தேட முடியாது.

இ.எஸ்.ஐ.யும் அப்படித்தான். அட்டை இருக்கிறதா என்று பாருங்கள். குப்பையில் கிடக்கும் கண்ணாடியும் ஊசியும் கிழிக்காத கை இந்த வேலையில் கிடையாது. வேலையில் அடிபட்டால் தற்காலிக ஊனத்துக்கு 90 சதவீதக் கூலி, உடம்பு சரியில்லாமல் படுத்தால் வருடத்தில் 91 நாள் வரை 70 சதவீதக் கூலி உண்டு. பணம் கட்டியிருந்தால்.

சரி, நகராட்சி சொன்ன "அது கான்ட்ராக்டர் விஷயம்" என்ற பதிலுக்கு வருவோம். அது பதிலே இல்லை. வேலை வாங்குவது நகராட்சி, அதுதான் சட்டப்படி முதன்மை வேலை அளிப்பவர். ஒப்பந்ததாரர் கூலியையோ பி.எஃப்.பையோ தராமல் விட்டால் முதன்மை வேலை அளிப்பவர் கொடுத்துவிட்டு, அப்புறம் ஒப்பந்ததாரரின் பில்லில் பிடித்துக்கொள்ள வேண்டும். அதற்குத்தான் அவரிடம் வைப்புத்தொகை வாங்கி வைக்கிறார்கள்.

"நிதி இல்லை" என்பது முழுப் பொய்யும் இல்லை. மாநில அரசின் சொந்த வரி வருவாயில் மாநில நிதி ஆணையம் சொன்னபடி 10 சதவீதம் உள்ளாட்சிகளுக்குப் போகிறது. அதை ஊரக, நகர்ப்புற உள்ளாட்சிகள் எல்லாம் பிரித்துக்கொள்ள வேண்டும். மீதிக்கு சொத்து வரி. 2022இல் 25 முதல் 150 சதவீதம் வரை ஏற்றினார்கள், ஊரே திட்டியது. பதினைந்தாவது மத்திய நிதிக்குழு தந்த மானியத்தில் பெரும்பகுதி குடிநீருக்கும் சுகாதாரத்துக்கும் என்று கட்டிப்போட்டது, கட்டிப்போடாத மீதியையும் சம்பளத்துக்குச் செலவழிக்கக் கூடாது. ஆக, நிரந்தரப் பணியாளர் ஒருவரை வைத்தால் சம்பளமும் பின்னால் ஓய்வூதியப் பொறுப்பும் நகராட்சியின் சொந்த வருமானத்தில் வந்து விழுகிறது. ஒப்பந்தம் என்றால் அது வருடா வருடம் போடும் ஒரு பில், அவ்வளவுதான். சென்னையில் 2025 ஆகஸ்டில் இரண்டு மண்டலங்களைத் தனியாருக்குக் கொடுத்ததை எதிர்த்துத் தூய்மைப் பணியாளர்கள் மாநகராட்சித் தலைமையகமான ரிப்பன் மாளிகை வாசலில் 13 நாள் உட்கார்ந்ததற்கும் அடிப்படை இதுதான். 23,000 ரூபாய் அளவில் வாங்கிய சம்பளம் 16,000 சொச்சத்துக்கு இறங்கும் என்பது அவர்களுடைய முக்கியமான புகார்களில் ஒன்று.

இதில் எனக்குக் கோபம் வருவது டெண்டர் முறையின் மேல். டீசல், துடைப்பம், வண்டி ரிப்பேர் இதிலெல்லாம் குறைத்துக் கேட்க ஓரளவுதான் இடம் உண்டு. செலவில் பெரும்பங்கு கூலி, கூலிக்கு சட்டம் ஒரு தரை போட்டிருக்கிறது. அப்படியிருக்க மதிப்பீட்டுக்குக் கீழே ஒருவர் விலை கேட்கிறார், அவருக்கே வேலை கிடைக்கிறது என்றால், அந்தக் குறைந்த விலை யாருடைய பி.எஃப்.பிலிருந்து வரப்போகிறது என்று பைலில் கையெழுத்துப் போடுகிறவருக்குத் தெரியாதா? நகராட்சி மிச்சம் பிடித்ததாகக் கணக்கு காட்டும் காசு உங்கள் அம்மா கொடுத்த காசு.

அதனால்தான் மேஸ்திரியோடு மல்லுக்கட்ட வேண்டாம் என்கிறேன். அவரும் கூலிக்காரர்தான். பில்லைப் பிடியுங்கள். ஒப்பந்ததாரர் மாதாமாதம் நகராட்சிக்குப் பில் வைக்கும்போது முந்தின மாத பி.எஃப்., இ.எஸ்.ஐ. கட்டிய சலானும் இ.சி.ஆர். பட்டியலும் இணைக்க வேண்டும் என்று ஒப்பந்தத்தில் பெரும்பாலும் எழுதியிருக்கும். (இ.சி.ஆர். என்றால் மகாபலிபுரம் போகும் ரோடு இல்லை, யார் யாருக்கு எவ்வளவு கட்டினோம் என்று ஒப்பந்ததாரர் ஏற்றும் பட்டியல்.) ஒரே சலானை இரண்டு ஊர் பில்லுக்கு வைத்ததை என் கண்ணால் பார்த்திருக்கிறேன், இரண்டு ஊரிலும் பாஸ் ஆனது.

தகவல் உரிமைச் சட்டத்தில் நகராட்சியின் பொதுத் தகவல் அலுவலருக்கு பத்து ரூபாய் கோர்ட் ஃபீ ஸ்டாம்ப் ஒட்டி ஒரு மனு போடுங்கள். கேட்க வேண்டியவை: தூய்மைப் பணிக்கான பணி ஆணை, ஒப்பந்த நகல், அதில் ஒரு ஆளுக்கு ஒரு நாளுக்கு என்று போட்டிருக்கும் தொகை, கடந்த 12 மாத பில்களின் நகல், ஒவ்வொரு பில்லோடும் இணைத்த சலான், அந்தந்த மாதம் எத்தனை பேருக்குக் கட்டப்பட்டது என்ற எண்ணிக்கை. மற்றவர்களின் பெயர் விவரத்தைக் கேட்காதீர்கள், தனிப்பட்ட தகவல் என்று மனுவையே தள்ளிவிட அது ஒரு சாக்கு. எண்ணிக்கை போதும். 120 பேர் வேலை செய்யும் ஊரில் 70 பேருக்குக் கட்டியிருந்தால் அதற்கு மேல் விளக்கம் தேவையில்லை. மனுவை அம்மா பெயரில் போட வேண்டாம், வேறு ஊரில் இருக்கும் சித்தப்பாவோ மாமாவோ போடட்டும். தகவல் கேட்க எந்தக் குடிமகனுக்கும் உரிமை உண்டு, காரணம் சொல்ல வேண்டியதில்லை. 30 நாளில் பதில் வர வேண்டும்.

அந்தப் பணி ஆணையில் 510க்கு மேல் இருந்தால் என்ன செய்வது? இருக்க நல்ல வாய்ப்பு உண்டு. உள்ளாட்சிப் பணிகளுக்குக் குறைந்தபட்சக் கூலி நிர்ணயித்து 2017 அக்டோபரில் தொழிலாளர் துறை போட்ட அரசாணை 62ஐ அமல்படுத்தச் சொல்லித்தான் சங்கங்கள் வருடக்கணக்கில் போராடுகின்றன. அடிப்படைக் கூலியோடு அகவிலைப்படி வருடா வருடம் ஏறும். உங்கள் ஊருக்கு இன்றைய தொகை எவ்வளவு என்று மாவட்ட தொழிலாளர் உதவி ஆணையர் (அமலாக்கம்) அலுவலகத்தில் கேட்டால் சொல்வார்கள். கலெக்டர் ரேட் என்று ஊரில் சொல்வதையும் (மாவட்ட ஆட்சியர் நிர்ணயிக்கும் நாள் கூலி) இந்தத் தொகையையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பாருங்கள்.

சட்டம் மாறியது உண்மை. 2025 நவம்பர் 21 முதல் நான்கு தொழிலாளர் தொகுப்புச் சட்டங்கள் அமலுக்கு வந்திருக்கின்றன. இதில் கெட்டதும் உண்டு: ஒப்பந்தத் தொழிலாளர் விதிகள் முன்பு 20 பேர் இருந்தாலே பொருந்தும், இப்போது 50. எனவே 49 பேராகப் பிரித்து டெண்டர் விடும் புத்திசாலிகள் கிளம்புவார்கள். ஆனால் ஊதியத் தொகுப்புச் சட்டத்துக்கு ஆள் எண்ணிக்கை கிடையாது, ஒரே ஒரு தொழிலாளி என்றாலும் குறைந்தபட்சக் கூலி கொடுத்தாக வேண்டும். குறைத்துக் கொடுத்த கூலியைக் கேட்க முன்பு ஆறு மாதக் கெடு, இப்போது மூன்று வருடம். பாக்கியோடு அதைப்போல் பத்து மடங்கு வரை இழப்பீடு போடவும் அதிகாரிக்கு அதிகாரம் உண்டு. "இனிமேல் கேட்க முடியாது" என்றவரிடம் இதைச் சொல்லுங்கள்.

பி.எஃப். புகாரை அவர்களுடைய குறைதீர் இணையதளத்தில் பதிவு செய்யுங்கள், ஒப்பந்ததாரர் பெயரோடு நகராட்சி பெயரையும் சேர்த்து. தொழிலாளி பங்கைப் பிடித்துவிட்டுக் கட்டாமல் இருப்பது நம்பிக்கை மோசடிக் குற்றம், பழைய இந்தியத் தண்டனைச் சட்டத்தில் பிரிவு 405, அதற்குப் பதிலாக வந்த பாரதிய நியாய சன்ஹிதாவில் பிரிவு 316. மனுவில் அந்த ஒரு வரியைச் சேர்த்தால் பைல் கொஞ்சம் வேகமாக நகரும்.

நிரந்தரம் பற்றி ஆசை காட்ட மாட்டேன். 24 மாதத்தில் 480 நாள் வேலை செய்தால் நிரந்தரம் என்று 1981 தமிழ்நாட்டுச் சட்டத்தைச் சொல்வார்கள், ஆனால் ஒப்பந்ததாரர் மூலம் வந்தவர் தானாக நிரந்தரமாகிவிட மாட்டார் என்று 2001இலேயே உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. புதிய சட்டத்தில் ஒரு சின்னப் பிடி இருக்கிறது. ஒரு நிறுவனம் எந்த வேலைக்காக அமைக்கப்பட்டதோ அந்த மையப் பணியில் பொதுவாக ஒப்பந்த ஆள் கூடாது. துப்புரவு மையப் பணியில் சேராது என்று ஒரு விலக்கு உண்டு, ஆனால் துப்புரவுக்காகவே அமைக்கப்பட்ட நிறுவனத்துக்கு அந்த விலக்கு கிடையாது. நகராட்சி குப்பை அள்ளாமல் வேறு எதற்கு இருக்கிறது என்று ஒரு நல்ல வக்கீல் வாதாடலாம். அது வருடக்கணக்கில் இழுக்கும், சங்கம் எடுத்து நடத்த வேண்டிய வழக்கு. கூலியும் பி.எஃப்.பும் இப்போதே கேட்கலாம்.

அம்மாவின் பயம் நியாயமானது. தனியாகப் போனவரை அடுத்த நாளே வேறு வார்டுக்குத் தூக்கி அடிப்பார்கள், அல்லது மஸ்டரில் (வருகைப் பதிவேட்டில்) பேர் இருக்காது. அதனால் பத்துப் பேராவது சேரும்வரை புகாரில் கையெழுத்து வேண்டாம், உங்கள் ஊரில் இருக்கும் தூய்மைப் பணியாளர் சங்கத்தின் தலைப்பில் போகட்டும். அதுவரை அம்மா தினமும் காலண்டர் தாளில் எந்தத் தெரு, எத்தனை மணிக்கு என்று குறித்து வைக்கட்டும், கூலி வங்கியில் வந்தால் பாஸ்புக் பதிவு, கையில் வந்தால் தேதி, தொகை, கொடுத்தவர் பெயர். பி.எஃப். இருப்பைப் பார்த்துவிட்டு, ஒன்றுமே இல்லையா, பாதி மாதம் விடுபட்டிருக்கிறதா, அல்லது குறைந்த கூலிக்குக் கட்டியிருக்கிறார்களா என்று எழுதுங்கள். மனுவின் வாசகம் அதைப் பொறுத்துத்தான் மாறும்.