மென்பொருளுக்கு முன்னால் கற்க வேண்டியவை: கற்பித்தல் வடிவமைப்பு மேற்படிப்பு குறித்த கேள்வி-பதில்

கற்பித்தல் வடிவமைப்பு என்றும் கல்வித் தொழில்நுட்பம் என்றும் தனித்தனியாக முதுகலைப் படிப்புகள் இருக்கின்றன. இரண்டில் எதைத் தேர்ந்தெடுப்பது?

பட்டத்தின் பெயரை வைத்து முடிவு செய்ய இயலாது. கட்டாயப் பாடங்களின் பட்டியலை வைத்தே முடிவு செய்ய வேண்டும். கற்பவர் இறுதியில் எதைச் செய்யக்கூடியவராக ஆக வேண்டும், அவர் அப்படி ஆகிவிட்டார் என்பதை எவ்வாறு அறிவது, அதற்கு எந்த வரிசையில் எத்தகைய பயிற்சி தேவை ஆகிய வினாக்களை முதலாவது துறை கேட்கிறது. கருவிகளும் தளங்களும் கல்வி நிறுவனத்துக்குள் எப்படி நுழைகின்றன, நுழைந்தபின் என்ன மாற்றத்தைச் செய்கின்றன என்பது இரண்டாவதன் அக்கறை. வேர் பெரும்பாலும் பொதுவானது. இரண்டாம் உலகப் போரின்போது வீரர்களுக்குக் குறுகிய காலத்தில் பயிற்சியளிக்க அமெரிக்கப் படைத்துறை உளவியலாளர்களை ஈடுபடுத்தியது. அவர்களுள் ஒருவரான ராபர்ட் கானியே பின்னாளில் இத்துறையின் முன்னோடிகளில் ஒருவரானார். பகுப்பாய்வு, வடிவமைப்பு, உருவாக்கம், செயற்படுத்தல், மதிப்பீடு என்ற ஐந்து கட்டங்களைக் கொண்டதும், மாணவர்கள் முதல் பருவத்திலேயே மனப்பாடம் செய்துவிடுவதுமான ‘ஆடீ’ மாதிரிகூட, 1975-இல் ஃபுளோரிடா மாநிலப் பல்கலைக்கழகம் அமெரிக்கத் தரைப்படைக்காக உருவாக்கிய பயிற்சி முறையிலிருந்து வளர்ந்ததுதான். யாருக்கு எந்தப் பயிற்சி ஏன் தேவை என்று ஆராயும் தேவைப் பகுப்பாய்வும் மதிப்பீடும் விருப்பப் பாடங்களாக ஒதுக்கப்பட்டு, மென்பொருள் பயிற்சி மட்டும் கட்டாயமாக இருக்கும் படிப்பை, அதன் பெயர் எதுவாயினும், நான் பரிந்துரைக்க மாட்டேன்.

பத்தாண்டுகளாகப் பள்ளியில் கணிதம் கற்பிக்கிறேன். இந்த அனுபவம் மேற்படிப்பில் எனக்கு உதவுமா, அல்லது எல்லாவற்றையும் மறந்துவிட்டுத் தொடங்க வேண்டுமா?

உதவும். ஆனால் உங்களைத் தடுமாறச் செய்வதும் அதே அனுபவமாகத்தான் இருக்கும். வகுப்பறையில் நிற்கும் ஆசிரியர், மூன்றாவது வரிசையில் ஒரு முகம் சுருங்குவதைக் கண்டதும் எடுத்துக்காட்டை மாற்றுகிறார், வேகத்தைக் குறைக்கிறார், முந்தைய பாடத்துக்குத் திரும்புகிறார். தன் திட்டத்தில் இருந்த ஓட்டைகளை அவர் நின்ற இடத்திலேயே அடைத்துவிடுவதால், அவை இருந்தன என்பதே அவருக்குத் தெரியாமல் போகிறது. வடிவமைப்பாளரோ கற்றல் நிகழும் நேரத்தில் அங்கு இருப்பதில்லை. அந்த முகம் எங்கே சுருங்கும் என்பதை அவர் முன்கூட்டியே கண்டறிந்து, அந்த இடத்தில் உரிய பயிற்சியையும் பின்னூட்டத்தையும் எழுதி வைத்திருக்க வேண்டும்.

இரண்டாவது மாற்றம் கற்றல் நோக்கங்களை எழுதும் முறையில் நேரும். “மாணவர் பின்னங்களைப் புரிந்துகொள்வார்” என்று பாடக்குறிப்பில் எழுதிப் பழகியிருப்பீர்கள். ராபர்ட் மேகர் 1962-இல் வகுத்த முறைப்படி, ஒரு நோக்கத்தில் கண்ணால் காணத்தக்க செயல், அது நிகழும் சூழ்நிலை, போதும் என்று சொல்வதற்கான அளவுகோல் ஆகிய மூன்றும் இருக்க வேண்டும். “கீழெண்கள் வேறுபட்ட இரு பின்னங்களைக் கொடுத்தால், கணிப்பான் இல்லாமல், பத்துக் கணக்குகளில் குறைந்தது எட்டைச் சரியாகக் கூட்டுவார்” என்று எழுதியதும், எந்தப் பயிற்சி தேவை, எது வெறும் அலங்காரம் என்பது தானாகவே பிரிந்துவிடும். இம்முறை எந்திரத்தனமானது என்ற குற்றச்சாட்டு பழையது, ஓரளவு நியாயமானதும்கூட. இலக்கிய நயம் பாராட்டுதல் போன்றவற்றை இந்தச் சட்டகத்துக்குள் அடக்க முயன்று தோற்றவர்கள் பலர். ஆயினும் சட்டகத்தைத் தாண்டுவதற்கு முன் அதில் எழுதிப் பழகுவது நல்லது.

மூன்றாவதாக, பொருளறிவு உங்களிடம் இல்லாத ஒரு துறையில், அத்துறை வல்லுநரிடம் கேட்டுக் கேட்டுப் பாடத்தை உருவாக்க வேண்டிவரும். பல ஆண்டுகளாக விடையளிப்பவராக இருந்த ஆசிரியர்களுக்கு இதுதான் மிகக் கடினம் என்பது என் கணிப்பு.

நிரல் எழுதத் தெரியாது. சேர்வதற்கு முன் கற்றுக்கொள்ள வேண்டுமா?

வேண்டியதில்லை. பாடங்களை உருவாக்கும் மென்பொருள்களைச் சில வாரங்களில் கற்றுவிடலாம், அவை அடிக்கடி மாறவும் செய்யும். அதைவிடப் பயனுள்ளவை இரண்டு. ஒன்று, பாடமும், பாடங்களை வழங்கிக் கற்பவரின் முன்னேற்றத்தைப் பதியும் மென்பொருளான கற்றல் மேலாண்மை அமைப்பும் ஒன்றோடொன்று தகவல் பரிமாறிக்கொள்ளும் தரநிலைகளைப் பற்றிய அடிப்படைப் புரிதல். 2000-இல் வெளிவந்த ஸ்கார்ம் தரநிலை ஒருவர் பாடத்தை முடித்தாரா, எத்தனை மதிப்பெண் பெற்றார் என்பவற்றைப் பதிய முதன்மையாகப் பயன்படுகிறது, 2013-இல் வந்த எக்ஸ்-ஏபிஐ தரநிலை, அந்த மேலாண்மை அமைப்புக்கு வெளியே நிகழும் கற்றலையும் பதிய வழிசெய்கிறது. மற்றொன்று, அணுகல்தன்மை, அதாவது மாற்றுத்திறனாளிகளும் பயன்படுத்தும்படி பாடத்தை அமைப்பது. இணைய அணுகல்தன்மை வழிகாட்டுதல்கள் சாதாரண அளவிலுள்ள எழுத்துக்கும் பின்னணிக்கும் இடையே குறைந்தது 4.5:1 ஒளிமாறுபாட்டைக் கோருகின்றன. வசன வரிகள், விசைப்பலகையால் மட்டுமே இயக்கும் வசதி போன்றவையும் அவற்றில் உண்டு. பாடத்தை முடித்தபின் இவற்றைச் சேர்ப்பது, கட்டடம் எழும்பியபின் அடித்தளத்தைத் தோண்டுவது போன்றது.

விண்ணப்பத்தின் நோக்க அறிக்கையில், கண்ணால் கற்போர், காதால் கற்போர், செய்து கற்போர் என ஒவ்வொருவருடைய கற்றல் பாணிக்கும் ஏற்பப் பாடம் வடிவமைக்க விரும்புவதாக எழுதியிருக்கிறேன். சரியா?

அந்தப் பத்தியை நீக்கிவிடுங்கள். இக்கருத்து மெய்ப்பட வேண்டுமானால், ஒரே பாடத்தை இரு வடிவங்களில் கற்பிக்கும்போது, ஒரு பாணியினர் ஒரு வடிவத்திலும் மற்றப் பாணியினர் மற்ற வடிவத்திலும் சிறந்து விளங்க வேண்டும். ஹெரால்ட் பாஷ்லரும் மற்ற மூன்று உளவியலாளர்களும் 2008-இல் வெளியிட்ட மதிப்பாய்வு, அத்தகைய போதிய சான்று இல்லை என்று முடிவுரைத்தது. மனிதர்களுக்கு விருப்பங்கள் உண்டு என்பதை யாரும் மறுக்கவில்லை. அந்த விருப்பத்தைப் பின்பற்றினால் கற்றல் கூடும் என்பதுதான் நிறுவப்படவில்லை. சேர்க்கைக் குழுவில் இருப்பவர்களுக்கு இது நன்றாகத் தெரியும். அதற்குப் பதிலாக, கற்பவர்கள் ஓரிடத்தில் திரும்பத் திரும்பத் தவறியதை நீங்கள் நேரில் கண்ட நிகழ்வு ஒன்றை விவரித்து, அதற்கு நீங்கள் செய்ததையும், அது பலித்ததா இல்லையா என்பதையும் எழுதுங்கள். பலிக்கவில்லை என்றால் இன்னும் நல்லது, எழுதுவதற்கு நிறைய இருக்கும்.

நான் உருவாக்கிய பாடங்கள் அனைத்தும் நிறுவனத்தின் இரகசிய உடைமை. என் படைப்புகளின் தொகுப்பான போர்ட்ஃபோலியோவில் எதைக் காட்டுவது?

அனுமதியின்றி எதையும் காட்டக் கூடாது. பெயரை அழித்துவிட்டுக் காட்டுவதும் பல ஒப்பந்தங்களின்படி மீறலே. ஒரு தன்னார்வ அமைப்புக்கோ நூலகத்துக்கோ சிறிய பாடம் ஒன்றைப் புதிதாகச் செய்துகொடுங்கள். பத்து நிமிடப் பாடம் போதும். அதனுடன் தேவைப் பகுப்பாய்வு, ஒவ்வொரு திரையிலும் என்ன வரும் என்று காட்டும் ஸ்டோரிபோர்டு, மூன்று பேரிடம் சோதித்தபோது கிடைத்த குறிப்புகள், அவற்றைக் கொண்டு நீங்கள் மாற்றியவை ஆகியவற்றையும் இணையுங்கள். போர்ட்ஃபோலியோக்களை மதிப்பிடும்போது, மெருகேறிய இறுதி வடிவத்தைவிட, கைவிடப்பட்ட முதல் வடிவத்தையும் அது ஏன் கைவிடப்பட்டது என்ற விளக்கத்தையும் நான் அதிக நேரம் படிக்கிறேன்.

இணையவழியில் படித்தால் மதிப்புக் குறையுமா?

இத்துறையில் பெரும்பாலும் குறையாது. வேலை பார்த்துக்கொண்டே பகுதிநேரமாகப் படிப்போர் இதில் மிகுதி. அமெரிக்கப் பல்கலைக்கழகங்கள் பலவற்றில் முதுகலைப் பட்டத்துக்கு 30 முதல் 36 மதிப்பலகுகள் தேவைப்படுகின்றன. சேர்வதற்கு முன் அவர்களுடைய பாட அலகு ஒன்றைப் பார்வையிட அனுமதி கேளுங்கள். பாடம் வடிவமைக்கக் கற்பிப்பவர்களின் சொந்தப் பாடமே ஒன்றரை மணி நேர விரிவுரைப் பதிவாக இருந்தால், வேறு விசாரணை தேவையில்லை.

செயற்கை நுண்ணறிவே நொடிகளில் பாடமும் வினாத்தாளும் எழுதிவிடுகிறது. இனி இந்தப் பட்டம் எதற்கு?

வரைவு எழுதும் வேலை மலிவாகிவிட்டது என்பது உண்மை. அதை மட்டுமே செய்துவந்தவர்கள் கவலைப்படக் காரணம் உண்டு. கணித ஆசிரியருக்குச் சொன்ன எடுத்துக்காட்டையே எடுத்துக்கொள்வோம். அரையையும் மூன்றில் ஒன்றையும் கூட்டச் சொன்னால், மேலெண்களைத் தனியாகவும் கீழெண்களைத் தனியாகவும் கூட்டி, ஐந்தில் இரண்டு என்று விடையளிக்கும் மாணவர்கள் உண்டு. அரையைவிடச் சிறிய விடை எப்படி வரும் என்று அவர்கள் கேட்பதில்லை. நல்ல கொள்குறி வினாவில் ஐந்தில் இரண்டு ஒரு தெரிவாக இருக்கும், அதைத் தேர்ந்தவருக்கு அந்தக் குறிப்பிட்ட பிழையைச் சுட்டும் பின்னூட்டமும் இருக்கும். பாடநூல்களில் பதிவான இத்தகைய பிழைகளை எந்திரமும் சொல்லிவிடும். உங்கள் நிறுவனத்தில், உங்கள் கருவியை இயக்கும் புதிய ஊழியர்கள் எங்கே தவறுகிறார்கள் என்பதை அவர்கள் அருகில் அமர்ந்து பார்த்தவர்தான் சொல்ல முடியும். அப்படிப் பார்க்கும்போது, பிரச்சினை பயிற்சிக் குறைபாடே அல்ல, படிவம் குழப்பமாக இருக்கிறது என்பதும் சில வேளைகளில் தெரியவரும். பாடமே வேண்டாம், படிவத்தை மாற்றுங்கள் என்று சொல்லும் துணிவை நல்ல மேற்படிப்பு தரும்.

முனைவர் பட்டத்துக்கு, “காணொளி சிறந்ததா, அச்சுப் பாடம் சிறந்ததா” என்று ஆராய விரும்புகிறேன். தலைப்பு பொருத்தமானதா?

இந்த வினாவுக்கு நீண்ட வரலாறு உண்டு. சரக்கை ஏற்றிவரும் வாகனம் உணவின் சத்தைக் கூட்டாததுபோல, ஊடகம் கற்பித்தலைச் சுமந்து வருகிறதே தவிரக் கற்றலை விளைவிப்பதில்லை என்று ரிச்சர்ட் கிளார்க் 1983-இல் வாதிட்டார். காணொளி வென்றதாகக் காட்டிய ஆய்வுகளில் கற்பிக்கும் முறையும் சேர்ந்தே மாறியிருந்தது என்பது அவர் வாதத்தின் சாரம். சில ஊடகங்களின் தனித்தன்மைகள் சில வகைக் கற்றலுக்குக் கைகொடுக்கக்கூடும் என்று ராபர்ட் கோஸ்மா மறுத்தார். விவாதம் முடியவில்லை, எனினும் ஊடகத்தோடு ஊடகத்தை மோதவிடும் ஆய்வுக்கு வழிகாட்டி கிடைப்பது இன்று கடினம். வினாவைச் சுருக்குங்கள். எடுத்துக்காட்டாக, செயல்முறை ஒன்றைக் காட்டும் காணொளியில், ஒவ்வொரு படிக்குப் பின்னும் நிறுத்தி, அடுத்த படியைக் கற்பவரே ஊகிக்கச் செய்தால் தொடக்கநிலையினர் அதை ஒரு வாரம் கழித்துச் செய்யும் திறன் எப்படி மாறுகிறது என்று கேட்கலாம். காணொளி இரு குழுக்களுக்கும் பொதுவாக இருக்க, முறை மட்டும் வேறுபடும். ஒரு வாரம் கழித்து அளப்பதை மட்டும் விட்டுவிடாதீர்கள். பாடம் முடிந்த உடனே நடத்தும் தேர்வில் கிடைக்கும் வேறுபாடு பல வேளைகளில் நிலைப்பதில்லை.