காதும் கன உலோகமும்: நம்ம வேலூர் பக்கத்து ஜனங்க கேட்டதுக்கு பதில்

நான் ஆடியாலஜிஸ்ட், காது எவ்வளவு கேக்குதுன்னு சோதிக்கறவன், வேலூர் பக்கம்தான் வேலை. ஈயம், குரோமியம் மாதிரி உலோகங்க பெரியவங்க காதை என்ன பண்ணும்னு கேளுங்கன்னு சொல்லியிருந்தேன், நிறைய பேர் கேட்டுட்டீங்க. ஒரே மாதிரி வந்ததை சேர்த்துட்டேன்.

கேள்வி (ராணிப்பேட்டை, வயசு 42): சார், சிப்காட் பக்கத்துலயே பொறந்து வளந்தவன். ரெண்டு வருஷமா காதுல உய்ய்னு சத்தம். குரோமியம்தான் காரணம்னு எல்லாரும் சொல்றாங்க, நெஜமா?

நம்ம ஊர்ல முடி கொட்டுனாலும் குரோமியம், முட்டி வலிச்சாலும் குரோமியம். கோபம் நியாயம்தான். 90கள் நடுவுல மூடுன குரோமேட் கம்பெனியோட கழிவு ரெண்டு லட்சம் டன்னுக்கு மேல அங்க குவிஞ்சு கெடந்தது, பாலாறு தோல் கழிவு கேஸ்ல சுப்ரீம் கோர்ட் 1996லயே மாசு பண்ணவன்தான் காசு கட்டணும்னு தீர்ப்பு சொல்லிடுச்சு. ஆனா காதுன்னு வந்தா குரோமியம் முதல் குற்றவாளி இல்ல. ஆறு இணைதிற குரோமியம் (குரோமேட்ல இருக்கற விஷ வகை) முக்கியமா அடிக்கறது மூக்கு, தோல், நுரையீரல். வருஷக்கணக்கா அந்த தூசி, ஆவியில வேலை பாத்தவங்களுக்கு மூக்கு நடுத்தண்டுலயே ஓட்டை விழும், கையில ஆறாத புண்ணு வரும். காது நரம்பை அது கெடுக்குதுங்கறதுக்கு ஆதாரம் ரொம்ப கம்மி. காதுக்கு ஆதாரம் கெட்டியா இருக்கறது ஈயம், காட்மியம், பாதரசம் இந்த மூணுக்கும்தான்.

உள்காதுல நத்தை மாதிரி சுருண்ட காக்ளியான்னு ஒண்ணு இருக்கு, அதுல இருக்கற முடி செல்லுங்க ஒரு தடவை செத்தா திரும்ப மொளைக்காது. காட்மியம் அந்த செல்லைத் தாக்கும், ஈயம் அங்கிருந்து மூளைக்கு போற நரம்புல சிக்னலை மெதுவாக்கும், பாதரசம் மூளையில கேக்கற பகுதியையே கெடுக்கும், ஜப்பான் மினமாட்டாவுல அப்படித்தான் ஆச்சு. அமெரிக்காவுல 1999லேருந்து 2004 வரைக்கும் எடுத்த சர்வேயில 3,698 பெரியவங்க ரத்தத்தையும் காதையும் சேத்து பாத்தாங்க, ஈயமோ காட்மியமோ அதிகமா இருந்தவங்களுக்கு காது மந்தமும் அதிகமா இருந்தது. இத்தனைக்கும் அவங்க ரத்தத்துல ஈயம் சராசரி டெசிலிட்டருக்கு ரெண்டு மைக்ரோகிராம்கூட இல்ல. அதனாலதான் வந்ததுன்னு அந்த சர்வேயை வச்சு அடிச்சு சொல்ல முடியாது, ஆனா அலட்சியமா விடற விஷயமும் இல்ல.

உங்களுக்கு நான் சொல்றது, மொதல்ல காதுல குரும்பி இருக்கான்னு ஈஎன்டி டாக்டர் பாக்கட்டும், அப்புறம் ஆடியோகிராம் (எந்த சத்தம் எவ்வளவு கேக்குதுன்னு பாக்கற டெஸ்ட்) எடுங்க, சுகர் பிரஷர் பாருங்க. என்ன வேலை பாக்கறீங்கன்னு எழுதவே இல்லையே, எனக்கு ஊரைவிட அதுதான் முக்கியம்.

அவரே மறுபடி: தோல் பதனிடற ஷாப்புல தோலை சீவற ஷேவிங் மெஷின் சார், பதினஞ்சு வருஷமா.

அப்போ பாதி பதில் கெடச்சிடுச்சு. மெஷின் சத்தம். கை நீட்டற தூரத்துல இருக்கறவன்கிட்ட கத்திதான் பேசணும்னா அங்க 85 டெசிபல் தாண்டிடுச்சுன்னு வச்சுக்கங்க. நம்ம ஃபேக்டரி விதிகள்ல எட்டு மணி நேரத்துக்கு 90 வரைக்கும் விடறாங்க, ஆனா 85லயே காதை காப்பாத்த ஆரம்பிக்கணும். ஆடியோகிராம்ல 4000 ஹெர்ட்ஸ் கிட்ட ஒரு பள்ளம் விழுந்திருந்தா சத்தத்தோட கைவரிசைதான். ஃபோம் பிளக் சின்ன காசுதான், உருட்டி, காதை மேல இழுத்து, உள்ள விட்டு விரியற வரைக்கும் பிடிக்கணும், சும்மா வாசல்ல சொருகி வச்சா பிரயோஜனம் இல்ல.

கேள்வி (ஆம்பூர்): அக்கா நான் ஷூ கம்பெனில பேஸ்டிங் டேபிள்ல இருக்கேன். எங்க செக்‌ஷன்ல சத்தமே இல்ல, ஆனாலும் கூட்டத்துல யாராவது பேசுனா வார்த்தை புரிய மாட்டேங்குது. தோல்ல இருக்கற உலோகமா?

(அக்கா இல்லம்மா, அண்ணன். பரவால்ல.) தோல் பதப்படுத்தி ஃபினிஷ் ஆகி உங்க டேபிளுக்கு வர்றப்போ அதுல பெரும்பாலும் இருக்கறது மூணு இணைதிற குரோமியம் (விஷம் ரொம்ப கம்மியான வகை), காதுக்கு அதை சந்தேகப்பட வேணாம். நான் சந்தேகப்படறது சொல்யூஷனை. ஒட்டற பசையில டொலுயீன்னு ஒரு கரைப்பான் இருக்கலாம், அது உலோகம் இல்ல, ஆனா நேரா முடி செல்லைத் தாக்கும். 2018ல அமெரிக்க தொழில் பாதுகாப்பு துறையும் ஆராய்ச்சி நிறுவனமும் சேர்ந்து காதைக் கெடுக்கற கெமிக்கல்னு எச்சரிச்சாங்க, அதுல டொலுயீன், ஸ்டைரீன், ஈயம், பாதரசம் எல்லாம் இருக்கு. சத்தமும் கெமிக்கலும் சேந்தா ஒண்ணும் ஒண்ணும் ரெண்டுன்னு நிக்காது, அதுக்கும் மேல போகும்னும் அதுல சொல்றாங்க. கூட்டத்துல வார்த்தை புரியலங்கறது இந்த மாதிரி பாதிப்புல வர்ற அறிகுறிதான், அதனால சாதாரண ஆடியோகிராமோட ஸ்பீச் டெஸ்ட்டும் கேளுங்க. துணி மாஸ்க் ஆவியை தடுக்கவே தடுக்காது, கார்பன் கார்ட்ரிட்ஜ் வச்சதுதான் வேணும், அதைவிட டேபிள் பக்கத்துல உறிஞ்சற ஃபேன் ஒழுங்கா ஓடுதான்னு சூப்பர்வைசர்கிட்ட தனியா போகாம நாலு பேரா போய் கேளுங்க. டப்பா மேல என்ன எழுதியிருக்குன்னு போட்டோ எடுத்துட்டு டாக்டர்கிட்ட போங்க.

கேள்வி (காட்பாடி): நைனா பழைய பேட்டரி உடைச்சு ஈயம் உருக்கற கடையில இருபது வருஷமா கீறாரு. டிவி சவுண்டு ஏத்திக்கினே போறாரு, வயித்து வலி, மலச்சிக்கல் வேற. வயசாயிடுச்சுன்னு வுட்டுட்டோம். இன்னா பண்றது?

இதுக்குத்தான் நான் ரொம்ப பதறினேன். காது, வயிறு, மலச்சிக்கல் மூணும் சேந்து ஒரு பேட்டரி ஆளுக்கு வந்தா வேற எதையும் யோசிக்கறதுக்கு முன்னாடி ரத்தத்துல ஈயம் பாக்கணும். கை நரம்புலேருந்து எடுக்கற ரத்தம், விரல் குத்தி எடுக்கறது இல்ல, தோல் மேல இருக்கற தூசியே ரிசல்ட்டை ஏத்தி காட்டிடும். டெசிலிட்டருக்கு 5 மைக்ரோகிராமோ அதுக்கு மேலயோ இருந்தா எங்கிருந்து வருதுன்னு கண்டுபிடிச்சு நிறுத்துங்கன்னு உலக சுகாதார நிறுவனம் சொல்லுது, பேட்டரி கடையில அதைவிட பல மடங்கு வரலாம். கூடவே ஹீமோகுளோபின், கிட்னி, பிரஷரும் பாக்க சொல்லுங்க.

ரத்தத்துல ஈயம் ஒரு மாசத்துல பாதியா குறையும், ஆனா உடம்புல நுழைஞ்சதுல பெரும்பகுதி எலும்புக்குள்ள போய் உக்காந்துக்கும், அது வெளிய வர வருஷங்கள் பத்து, இருபதுகூட ஆகும். அதனால வேலையை விட்டு ஆறு மாசம் கழிச்சு டெஸ்ட் எடுத்து நம்பர் கம்மியா வந்தா ஒண்ணுமே இல்லன்னு அர்த்தம் இல்ல, எத்தனை வருஷம் அங்க இருந்தார்னு டாக்டர்கிட்ட சொல்லியே ஆகணும்.

அப்புறம் வீடு. அவர் போட்டுட்டு வர்ற சட்டை, செருப்பு, வண்டி சீட்டு எல்லாத்துலயும் ஈயத்தூசி இருக்கும். வாசல்லயே சட்டையை கழட்டி தனியா துவைக்கணும், உதறக்கூடாது, ஈரத்துணி வச்சு துடைக்கணும், தொடப்பம் வேணாம். வீட்டுல சின்ன பசங்களோ மாசமா இருக்கற பொண்ணோ இருந்தா அவங்களுக்கும் டெஸ்ட். கடையில கை கழுவாம டீ, பீடின்னு தொடற பழக்கத்துல நிறைய ஈயம் வாய்வழியா போகுது, அதை அவர்கிட்ட நீங்க சொன்னா கேக்க மாட்டார், டாக்டர் வாயால சொல்ல வைங்க.

கேள்வி (வாலாஜா): போர் தண்ணி காய்ச்சி குடிக்கறோம். டி.டி.எஸ் மீட்டர்ல 900 காட்டுது. உலோகம் இருக்கும்னு அர்த்தமா?

இல்ல. டி.டி.எஸ் சொல்றது கரைஞ்ச உப்பு மொத்தம், தோல் ஷாப்பு ஏரியாவுல பெரும்பாலும் சாதா உப்பே அதை ஏத்திடும். ஈயத்துக்கு நம்ம குடிநீர் தரத்துல எல்லை லிட்டருக்கு 0.01 மில்லிகிராம், காட்மியத்துக்கு 0.003, அந்த அளவெல்லாம் மீட்டருக்கு கண்ணுக்கே தெரியாது. மீட்டர் 150 காட்டுனாலும் ஈயம் இருக்கலாம். காய்ச்சினா கிருமிதான் சாகும், தண்ணி ஆவியாகி உலோகம் இன்னும் கெட்டிதான் ஆகும். ஆர்.ஓ ஒழுங்கா பராமரிச்சா உலோகத்தை நல்லாவே பிடிக்கும். குடிநீர் வாரியம் லேப்லயோ தனியார் லேப்லயோ கொடுக்கறப்போ உலோகம் பாப்பீங்களான்னு கேட்டுட்டு கொடுங்க, சாதா டெஸ்ட்ல அது வராது. தண்ணி லேசா மஞ்சளா இருந்தா டெஸ்ட் வர்ற வரைக்கும் அதை குடிக்காதீங்க, சமைக்காதீங்க.

கேள்வி (குடியாத்தம்): வீட்டுக்காரர் தொழிற்சாலை பக்கமே போனது இல்ல, நெசவுதான். ஒரு நாளைக்கு ரெண்டு கட்டு பீடி. அவருக்கும் காது மந்தம்.

புகையிலைச் செடி மண்ணுல இருக்கற காட்மியத்தை நல்லா உறிஞ்சிக்கும், புகையா நுரையீரலுக்கு போனா சாப்பாட்டுல போறதைவிட ரொம்ப அதிகமா ரத்தத்துல ஏறும். பெரியவங்க பலருக்கு காட்மியம் வர்ற பெரிய வழியே பீடி சிகரெட்தான், கம்பெனி புகைக்கூண்டு இல்ல. கிட்னியில போய் தங்குனா பத்து முப்பது வருஷம் போகாது. போதாததுக்கு புகை காதுக்கு போற ரத்த ஓட்டத்தையும் குறைக்குது. அவர் ஓட்டறது விசைத்தறியா இருந்தா சத்தமும் சேந்துக்கும். பீடியை நிறுத்துனா போன செவி வராது, மிச்சம் இருக்கறது நிக்கும்.

கேள்வி: ஈயச்சொம்புல ரசம் வைக்கறோமே, ஆபத்தா?

நல்ல ஈயச்சொம்பு வெள்ளீயம் (டின்), அது வேற உலோகம், அதுல ரசம் வைக்கலாம். பிரச்சனை காரீயம், அதாவது இதுவரைக்கும் நாம பேசுன ஈயம், கலந்து விக்கறது, புளி பட்டா அது கரைஞ்சு வரும். பிரியாணி டேக்சாவுக்கு கலாய் பூசறதுக்கும் இதேதான். விலை சந்தேகமா மலிவா இருந்தா வாங்காதீங்க. கண்ணுல போடற சுருமாவும் பாருங்க, சிலதுல அப்படியே ஈயம்தான்.

கேள்வி (திருப்பத்தூர்): காது இரைச்சலுக்கு பாதரசம் சேந்த மாத்திரை ஒருத்தர் கொடுக்கறாரு. அப்புறம் டீடாக்ஸ் டிரிப் போட்டா உலோகம் எல்லாம் வெளிய வந்துடும்னு இன்னொருத்தர்.

பேர், பேட்ச் நம்பர், லைசென்ஸ் எதுவும் இல்லாம பொட்டலத்துல வர்றதை வாயில போடாதீங்க, யார் கொடுத்தாலும். காதைக் கெடுக்கற உலோகத்தையே காதுக்கு மருந்துன்னு தர்றதை என்ன சொல்ல. டீடாக்ஸ் டிரிப்பா, ரத்தத்துல அளவு ரொம்ப ஏறுனவங்களுக்கு ஆஸ்பத்திரியில படுக்க வச்சு கொடுக்கற சிகிச்சை அது, தப்பா கொடுத்தா கால்சியம் இறங்கி உயிருக்கே ஆபத்து. செத்த முடி செல்லை அதுவும் எழுப்பாது. இரும்புச்சத்து, கால்சியம் கம்மியா இருந்தா குடல் ஈயத்தை அதிகமா உறிஞ்சும், அதனால முருங்கைக்கீரை, கேழ்வரகு, மோர்னு ஒழுங்கா சாப்பிடறது அந்த டிரிப்பைவிட நிச்சயமா மேல்.

கேள்வி: நேத்து காலையில எழுந்தப்போ இடது காது சுத்தமா கேக்கல. இதுவும் உலோகமா இருக்குமா?

இதை படிக்கறதை நிறுத்திட்டு ஈஎன்டிகிட்ட கெளம்புங்க, இன்னிக்கே. உலோகம் ரெண்டு காதையும் வருஷக்கணக்குல மெதுவா கெடுக்கும், ஒரே ராத்திரியில ஒரு காது போனா அது வேற கதை, ஸ்டீராய்டு ஆரம்பிக்கறதுக்கு நாள் தள்ளத் தள்ள கேக்கற வாய்ப்பு குறையும். எண்ணெய் ஊத்தாதீங்க.

கேள்வி (வாணியம்பாடி): கம்பெனி வேலையாலதான் காது போச்சுன்னு டாக்டர் எழுதி கொடுத்தா ஏதாவது கெடைக்குமா?

கெடைக்க வழி இருக்கு. சட்டத்துல இருக்கற தொழில் நோய் பட்டியல்ல சத்தத்தால வர்ற காது மந்தமும், ஈயத்தால வர்ற நோயும் இருக்கு, இ.எஸ்.ஐ இல்லாத இடத்துக்கு தொழிலாளர் இழப்பீடு. கஷ்டம் எங்கன்னா, வேலைக்கு சேந்தப்போ காது நல்லா இருந்துச்சுன்னு காட்ட பழைய ஆடியோகிராம் பலர்கிட்ட இல்ல. இப்பவே ஒண்ணு எடுத்து தேதியோட ஒரிஜினலை நீங்களே வச்சுக்கங்க, கம்பெனி ஃபைல்ல கொடுக்கறது ஜெராக்ஸா இருக்கட்டும், எந்த செக்‌ஷன்ல எந்த வருஷம் வேலை பாத்தீங்கன்னு சம்பள சீட்டோட சேத்து ஒரு தாள்ல எழுதி அதுகூடவே பின் பண்ணிடுங்க.