"அத்தை காரிலேயே இருந்துகொண்டார்"

கேள்வி: என் மகனுக்கு 7 வயது, மகளுக்கு 4. மே மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை குடும்பத்தோடு மாமல்லபுரம் போனோம். அர்ச்சுனன் தபசு, ஐந்து ரதம், கடற்கரைக் கோயில், கலங்கரை விளக்கம் என்று பட்டியல் போட்டுத்தான் கிளம்பினேன். பிள்ளைகள் எதையுமே ஒழுங்காகப் பார்க்கவில்லை. பெரியவன் வெண்ணெய் உருண்டைப் பாறையில் சறுக்கி பேண்ட்டைக் கிழித்துக்கொண்டான். சின்னவள் "கால் சுடுது, வீட்டுக்குப் போலாம்" என்று ஒரே அழுகை. மூட்டுவலி என்பதால் அத்தை காரிலேயே இருந்துகொண்டார். கணவர் போனும் கையுமாக இருந்தார். மூன்று மணி நேரம் அலைந்ததுதான் மிச்சம். பிள்ளைகளுக்குக் கலை ரசனையை எப்படி வளர்ப்பது?
- பெயர் வெளியிட விரும்பாத வாசகி, தாம்பரம்

பதில்: "என் பிள்ளைக்கு ரசனை இல்லை" என்று மாதம் ஒரு கடிதமாவது வந்துவிடுகிறது. அது கிடக்கட்டும் அம்மா. "அத்தை காரிலேயே இருந்துகொண்டார்" என்று போகிற போக்கில் எழுதியிருக்கிறீர்களே, இருந்துகொண்டாரா, இருக்கட்டும் என்று விட்டீர்களா? மே மாத வெயிலில், மூன்று மணி நேரம். ஏசி ஓடியது என்றே வைத்துக்கொள்வோம். அவர் பாத்ரூமுக்கு எங்கே போனார்? தண்ணீர் குடித்தாரா, இல்லை, பாத்ரூம் தேட வேண்டியிருக்குமே என்று குடிக்காமலே உட்கார்ந்திருந்தாரா? கிழிந்த பேண்ட் வரைக்கும் எழுதிய கடிதத்தில் இது இல்லை. உங்களுக்கே தெரியாது என்றுதான் நினைக்கிறேன்.

"அவங்கதான் வரலைன்னு சொன்னாங்க" என்பீர்கள். சொல்லியிருப்பார். வயதானவர்கள் முதல் தடவை அப்படித்தான் சொல்வார்கள். இரண்டாவது தடவை கூப்பிட்டீர்களா? கார் கதவைத் திறந்து கையை நீட்டியது யார்? நியாயமாக அது உங்கள் கணவரின் வேலை. பெற்றவள் காருக்குள், மகன் போனுக்குள். இந்தப் பத்தியை அவரிடம் சத்தமாக வாசித்துக் காட்டுங்கள். இதை மாமியார் மருமகள் பஞ்சாயத்தாக எடுத்துக்கொள்ள வேண்டாம். காருக்குள் இருந்தது உங்கள் அம்மாவாக இருந்தாலும் இதே கேள்விதான்.

சரி, அந்த மூன்று மணி நேரத்தில் பிள்ளைகள் என்ன இழந்தார்கள் என்று பார்ப்போம். அர்ச்சுனன் தபசு இருப்பது தெருவோரத்தில். படியேற வேண்டாம். 90 அடிக்கு மேல் நீளமான பாறை. எதிரே ஒரு மடக்கு நாற்காலியைப் போட்டு உட்கார்ந்தால் மூட்டுவலிக்காரரும் முழுசாகப் பார்க்கலாம். இடப்பக்கம் மேலே ஒருவர் எலும்பும் தோலுமாக, கைகளைத் தலைக்கு மேல் தூக்கி ஒற்றைக்காலில் தவம் செய்கிறார். அவர் அர்ச்சுனனா பகீரதனா என்று அறிஞர்கள் சண்டை போடுகிறார்கள், போடட்டும். வலப்பக்கம் கீழே பெரிய யானை, காலடியில் குட்டிகள். அதன் தந்தத்துக்குப் பக்கத்தில் ஒரு பூனை. பின்னங்காலில் நின்றுகொண்டு, அந்தத் தவசியைப் போலவே முன்னங்கால்களை உயர்த்திக்கொண்டு நிற்கிறது. சுற்றிலும் எலிகள். 7-ஆம் நூற்றாண்டுச் சிற்பிக்கு அவ்வளவு குறும்பு!

உங்கள் அத்தை யாரையாவது "ருத்திராட்சப் பூனை" என்று திட்டி நீங்கள் கேட்டதே இல்லையா? கங்கைக் கரையில் தவம் செய்வதாக நடித்து, நம்பி வந்த எலிகளை ஒவ்வொன்றாக விழுங்கிய பூனையின் கதை மகாபாரதத்திலேயே இருக்கிறது. நான்கு வயதுப் பெண்ணை மடியில் வைத்து, எலிக்கு ஒரு கீச்சுக்குரலும் கொடுத்து அதைச் சொல்ல பாட்டியைவிடப் பொருத்தமான ஆள் யார்? கதை சொல்கிறவரைக் காரில் விட்டுவிட்டு, பிள்ளையின் தாடையைப் பிடித்துத் திருப்பி "அங்க பாரு, இங்க பாரு" என்றால் அது எதைப் பார்க்கும்? காலைத்தான் பார்க்கும். கால் சுடுகிறதே.

மறுபடி போங்கள், டிசம்பர் ஜனவரியில். காலை 6 மணிக்கே திறந்துவிடுகிறார்கள். 7 மணிக்கு அங்கே இருந்தால் பாறை சுடாது. கலங்கரை விளக்கத்தையும் கடற்கரைக் கோயிலையும் பட்டியலிலிருந்து அடித்துவிடுங்கள், இன்னொரு நாள் பார்க்கலாம். தபசுக்குப் பக்கத்திலேயே கிருஷ்ண மண்டபம். அங்கே ஒருவர் பால் கறக்கிறார், பசு தன் கன்றை நக்கிக்கொண்டிருக்கிறது. பாக்கெட் பாலை மட்டுமே பார்த்து வளரும் பிள்ளைகள். அத்தை சின்ன வயதில் மாடு கறந்திருக்கிறாரா என்று அங்கே வைத்துக் கேட்டுப் பாருங்கள், உங்களுக்கே புதுசாக ஏதாவது கிடைக்கலாம்.

அப்புறம் தெம்பிருந்தால் ஐந்து ரதம். ஒற்றைக்கல் யானைக்குப் பின்னால் பெரியவனை நிறுத்தி, பக்கத்திலிருக்கும் நகுல சகாதேவ ரதத்தின் பின்புறத்தையும் பார்க்கச் சொல்லுங்கள். இரண்டும் ஒரே வளைவு. யானையின் பின்புறம் மாதிரி வளைந்த இந்தக் கோயில் வடிவத்துக்குத் தூங்கானை மாடம் என்று பெயர் சொன்னால் ஏழு வயதுக்காரன் மறக்கவே மாட்டான். அங்கே மணல் தரை, அத்தைக்கு நடக்கச் சிரமம். கையை உங்கள் கணவர் பிடித்துக்கொள்ளட்டும். அந்தக் கையில் போன் நிற்காது.

பேண்ட் கிழிந்ததற்குப் பையனைத் திட்டியிருந்தால் அதுவும் தப்பு. தலைமுறை தலைமுறையாகப் பிள்ளைகள் சறுக்கித்தான் அந்தச் சரிவே வழவழவென்று ஆகியிருக்கிறது. அடுத்த தடவை பழைய பேண்ட்டாகப் போட்டு அழைத்துப் போங்கள்.